இரவில் வந்து அழைத்துச் சென்றால்: மேலூர் வட்டார வாசகிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்பதற்காக, ஊரும் பேரும் தெரியாதபடி அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

மேலூர் வட்டாரத்தில் உங்கள் ஊர்க் கண்மாயை ஒட்டிய பாறையில் கல்குவாரி வரக் கூடாது என்று கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். அதை முன்மொழிந்தவர் 63 வயதான உங்கள் அப்பா. தாலுகா அலுவலகத்தின் முன் ஊரார் ஒருநாள் உட்கார்ந்த பிறகு, பட்டாலியன் போலீஸார் துப்பாக்கிகளோடு இரண்டு நாள் ஊர் மந்தையில் வேனை நிறுத்திக்கொண்டு, தெருத்தெருவாக அணிவகுத்து நடந்தார்கள். மூன்றாம் நாள் இரவு பதினொன்றரை மணிக்குச் சாதாரண உடையில் நான்கு பேர் வந்து, "ஐயா கூப்பிடுறார், பேசிட்டு வந்துடலாம்" என்று அப்பாவை அழைத்துச் சென்றனர். அவருடைய கைபேசியையும் எடுத்துக்கொண்டனர். விடியற்காலையில் திரும்பிய அவர், எழுதப்படாத தாள்கள் சிலவற்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டதாக மட்டும் சொன்னார். வேறு எதுவும் பேசவில்லை. அன்று முதல் இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்க முடியாமல் இருக்கிறார். இப்போது ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்திலிருந்து ஒரு அழைப்பாணை வந்திருக்கிறது. அடங்காவிட்டால் குண்டாஸ் பாயும், குரூப் 4 எழுதிக் காத்திருக்கும் தம்பிக்கு வேலை கிடைக்காது என்று மிரட்டியிருக்கிறார்கள். "ஊர் வம்பு நமக்கெதுக்கு" என்று அம்மா அழுகிறார். அப்பா விலகிவிடுவதுதான் நல்லதா என்று கேட்கிறீர்கள்.

விலகுவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் பேசுவோம். எது சட்டம், எது வெறும் மிரட்டல் என்பது தெளிவாகாமல் அதை முடிவு செய்தால், அந்த முடிவு உங்களுடையதாக இருக்காது.

அந்த இரவில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் 179ஆவது பிரிவின்படி, ஒருவரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் எழுத்து மூலம்தான் அழைக்க வேண்டும். அவர் பெண்ணாகவோ, 60 வயதைக் கடந்த ஆணாகவோ, கடும் நோயாளியாகவோ, மாற்றுத்திறனாளியாகவோ இருந்தால், அவர் குடியிருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். பழைய சட்டத்தில் இந்த வயது வரம்பு 65 ஆக இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவராகவே கருதினாலும், ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தேவையில்லாதபோது 35ஆவது பிரிவின்கீழ் முன்னறிவிப்பு கொடுத்துத்தான் வரச் சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மூன்றாண்டுக்கும் குறைவான தண்டனைக்குரிய குற்றத்தில் 60 வயதைக் கடந்தவரைக் கைது செய்வதற்கு டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. கைது என்றால், பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளம் அணிந்த அதிகாரி, குடும்பத்தாரோ ஊராரோ சாட்சிக் கையெழுத்திட்ட கைதுக் குறிப்பு, காரணத்தைச் சொல்வது, உறவினருக்குத் தகவல் தருவது, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது எல்லாம் கட்டாயம். 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தவை இவை. இப்போது பெரும்பாலும் சட்டத்திலேயே ஏறிவிட்டன.

உங்கள் அப்பாவுக்கு இவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. சாட்சி அழைப்பு, முன்னறிவிப்பு, கைதுக் குறிப்பு என்று எந்தக் காகிதமும் கிடையாது. "கைது செய்யவில்லையே, கூப்பிட்டுப் பேசினோம், அவ்வளவுதான்" என்று அவர்கள் சொல்வார்கள். காகிதம் இல்லாமல் அழைத்துச் செல்வதன் நோக்கமே பிறகு இப்படிச் சொல்ல முடிய வேண்டும் என்பதுதான். நான் பார்த்த இத்தகைய வழக்குகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் முதல் பொய் நேரத்தைப் பற்றியதாகவே இருந்திருக்கிறது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, அவர்கள் எழுதாமல் விட்டதையெல்லாம் நீங்கள் எழுதி வைப்பது. இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவரைப் புதன்கிழமை பகல் 11 மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் கைது செய்ததாகக் காவல்துறை ஆவணம் சொன்னது. செவ்வாய் மாலையே வீட்டிலிருந்து கொண்டுபோய்விட்டார்கள் என்று அவருடைய மனைவி சொன்னதை யாரும் நம்பவில்லை. அந்த அம்மா தம்முடைய பால் கூட்டுறவுச் சங்க அட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். காலை, மாலை என இரண்டு வேளையும் லிட்டர் கணக்கு எழுதிய அந்த அட்டையில், ஆண்டு முழுவதும் ஒருநாள்கூட விடாமல் பால் ஊற்றிய மனிதருக்குச் செவ்வாய் மாலைக் கட்டம் வெறுமையாக இருந்தது. புதன் காலைக் கட்டமும் அப்படியே. சங்கத்துச் செயலாளரின் சுருக்கொப்பம் செவ்வாய் காலையோடு நின்றிருந்தது. குறுக்கு விசாரணையில் அந்த இரண்டு வெற்றுக் கட்டங்களுக்குக் காவல் அதிகாரியால் பதில் சொல்ல முடியவில்லை.

எனவே இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி அந்த மூன்று நாட்களையும் நேரவாரியாக எழுதுங்கள். வேனின் எண், வந்தவர்களின் தோற்றம், யார் என்ன சொன்னார், எதிர்வீட்டில் யார் விழித்திருந்தார், நாய் குரைத்ததில் யார் வெளியே வந்தார் என்பன எல்லாம் வர வேண்டும். அப்பா பேசும்போது அவர் வாயிலிருந்து வருவதை அப்படியே எழுதுங்கள். அவர் பேசாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். தம் பிள்ளைகள் முன் அவமானப்பட்டதாக நினைக்கும் ஆண்கள் பல வாரங்கள் வாய் திறப்பதில்லை. பழைய நண்பர் ஒருவரோ, மருத்துவரோ தனியாகக் கேட்டால் சொல்லக்கூடும்.

மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். இதைச் சொல்லும்போது என்னுடைய ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், ஸ்டேஷனில் அடிபட்ட ஓர் இளைஞனை அவனுடைய தாய் என்னிடம் அழைத்துவந்தார். மனுவை முதலில் தயார் செய்வோம், ஆஸ்பத்திரிக்கு நாளை போகலாம் என்று சொன்னேன். அந்த நாளை, நான்கு நாட்களாயிற்று. உள்ளங்காலின் கன்றல் மறைந்துவிட்டது. மருத்துவர் "காயம் ஏதும் இல்லை" என்று எழுதினார். அந்த ஒரு வரியால் வழக்கு விழுந்தது. அந்தத் தாயின் முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு நாட்கள் கடந்துவிட்டாலும், படுக்க முடியாத வலி என்பது விலா எலும்பில் விரிசலாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் அது தெரியும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ மேலூர் அரசு மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். எப்போது, எங்கே, எத்தனை பேர், எதைக் கொண்டு அடித்தார்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். "கீழே விழுந்ததாக எழுதிக்கொள்ளலாமே" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதன் நகலை, நாம் ஏ.ஆர். காப்பி என்று சொல்வதை, கேட்டு வாங்குங்கள்.

வெற்றுத்தாள் கையெழுத்து உங்களை மிகவும் அச்சுறுத்துகிறது என்று தெரிகிறது. புலன்விசாரணையில் போலீஸாரிடம் சொல்லும் வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்தை வாங்கவே கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். 181ஆவது பிரிவு சொல்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சான்றாக வைக்கவும் முடியாது. ஆனாலும் சும்மா இருக்கக் கூடாது. இன்ன தேதி இரவில், இன்ன நேரத்தில், விருப்பத்துக்கு மாறாக எழுதப்படாத தாள்களில் கையெழுத்து வாங்கப்பட்டது, கைபேசி ரசீது இல்லாமல் எடுத்துச் செல்லப்பட்டது என்று அப்பாவின் பெயரில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு மனு அனுப்புங்கள். மேலூர் நீதித்துறை நடுவருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் நகல் அனுப்புங்கள். புதிய சட்டத்தில் பொருளைக் கைப்பற்றுவதைக் காணொளியாகப் பதிய வேண்டும், அதைத் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று 105ஆவது பிரிவு இருக்கிறது. அந்தக் காணொளி எங்கே என்று மனுவிலேயே கேளுங்கள். தபால் ரசீதையும் சேர்த்ததற்கான ஒப்புகையையும் நோட்டில் ஒட்டி வையுங்கள். நாளைக்கு அந்த வெற்றுத்தாளில் எதை எழுதிக்கொண்டு வந்தாலும், அதற்கு முந்தைய தேதியிட்ட இந்த ரசீது எதிரே நிற்கும்.

அதே மனுவில், அன்றிரவு காவல் நிலையக் கேமராப் பதிவுகளை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்கு அந்தப் பதிவுகள் கிடைக்கவில்லை. பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து சாட்சி சொன்னதால்தான் உள்ளே நடந்தது வெளியே வந்தது. 2025 ஜூனில் நமக்கு அருகிலேயே, திருப்புவனம் பக்கத்து மடப்புரத்தில், வழக்கே பதியாமல் சாதாரண உடைத் தனிப்படை கொண்டுபோன கோயில் காவலாளி உயிரிழந்தார். உடற்கூறாய்வில் 44 காயங்கள் இருந்ததாக மதுரை உயர் நீதிமன்றக் கிளை முன் வந்தது. மறைந்திருந்து ஒருவர் எடுத்த கைபேசிக் காணொளிதான் அங்கே முதல் சான்று. உங்கள் அப்பா உயிரோடு திரும்பி வந்திருக்கிறார். "ஒன்றும் ஆகவில்லையே" என்று அதை விட்டுவிடக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இந்த இரண்டு ஊர்களையும் மனத்தில் வைத்துத்தான்.

ஆர்.டி.ஓ. அழைப்பாணை நம்மூர்ப் பேச்சில் "107 கேஸ்". இப்போது அதன் எண் 126. அமைதியைக் குலைக்கக்கூடியவர் என்று தகவல் வந்தால், ஓராண்டுக்கு மிகாமல் பிணைப்பத்திரம் கேட்கலாம் என்ற பிரிவு அது. இது குற்ற வழக்கு அன்று. அப்பா குற்றவாளியும் அல்லர். ஆனால் என்ன தகவல் வந்தது, எவ்வளவு தொகை, எவ்வளவு காலம் என்பதையெல்லாம் எழுதிய உத்தரவின் நகல் அழைப்பாணையுடன் வந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் முதல் ஆட்சேபனை அதுவே. தகவல் உண்மைதானா என்று விசாரணையைத் தொடங்காமல் இடைக்காலப் பத்திரம் கேட்க முடியாது என்று, அரசியல் தலைவரான மது லிமாயே தொடுத்த வழக்கில் 1970இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரும்பாலான கிராமத்தார் முதல் நாளே "கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றதும் போட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு ஓராண்டுக்கு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் பத்திரத்தை மீறியதாகச் சொல்லிச் சிறைக்கு அனுப்பும் வழி திறந்துவிடுகிறது. கல்குவாரி எதிர்ப்பை அடக்க விரும்புவோர் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்பது என் கணிப்பு. அப்பா வழக்கறிஞருடன் போகட்டும். விசாரணை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கட்டும். கிராம சபைத் தீர்மானத்தின் சான்றிட்ட நகலைக் கையில் கொண்டுபோகட்டும். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி கூடிய சபையில் ஒரு வாக்காளர் பேசியது அமைதிக் குலைவு ஆகாது.

குண்டாஸ் என்பது, விசாரணையின்றி ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்க வழிசெய்யும் 1982ஆம் ஆண்டின் 14ஆவது தமிழ்நாட்டுச் சட்டம். தொடர்ந்து குறிப்பிட்ட வகைக் குற்றங்களைச் செய்பவரைத்தான் அதன்படி 'குண்டர்' என்று சொல்ல முடியும். உத்தரவு போடுபவர் மாவட்ட ஆட்சியர், மாநகரமானால் காவல் ஆணையர், இன்ஸ்பெக்டர் அல்லர். ஒரு வழக்குகூட இல்லாத உங்கள் அப்பாமீது அப்படி ஒரு உத்தரவு வந்தால், அத்தகைய உத்தரவுகளைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்திலும், மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுவிலும் அதை எதிர்க்கலாம். இந்த மிரட்டலுக்காக நீங்கள் தூக்கம் கெட வேண்டாம்.

தம்பியின் வேலையைப் பற்றி: நன்னடத்தைச் சரிபார்ப்பில் விண்ணப்பித்தவர்மீது வழக்கு உண்டா என்றுதான் பார்ப்பார்கள்; தந்தைமீதான வழக்கு மகனின் வேலையைப் பறிக்காது. தம்பியின் பெயரையே எஃப்.ஐ.ஆரில் சேர்த்துவிட்டால் அதைப் படிவத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். அற்பமான வழக்கைவிட அதை மறைத்ததுதான் பலருடைய வேலையைக் கெடுத்திருக்கிறது. இப்போதைக்கு மறியல், ஊர்வலம் என எதிலும் அவர் முன்வரிசையில் நிற்க வேண்டாம் என்பது, ஒரு வழக்கறிஞராக அல்லாமல், ஒரு மூத்த சகோதரனாக நான் சொல்வது.

ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற உங்கள் பெரியப்பா, "நாகாலாந்தில் நாங்கள் நடந்த மாதிரி இங்கே நடக்கிறார்கள்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தை என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. 1958ஆம் ஆண்டின் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் நடப்பில் உள்ள இடங்களில், மத்திய அரசின் அனுமதி இல்லாமல் படையினர்மீது வழக்கு நடத்த முடியாது. நாகாலாந்தின் ஓட்டிங் கிராமத்தில் 2021 டிசம்பரில் நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்து வீடு திரும்பிய தொழிலாளர்களை ராணுவத்தினர் சுட்டுக் கொன்றனர். மாநிலக் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தும் அந்த அனுமதி மறுக்கப்பட்டதால் வழக்கு நின்றுபோனது. அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. அதற்காக இங்கே துப்பாக்கிக்குப் பயமில்லை என்று சொல்ல மாட்டேன்; 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் உயிரிழந்த துப்பாக்கிச் சூட்டை ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்துக் காவல்துறையைக் குற்றம் சாட்டியது. நம் மாவட்டத்துக்கோ இன்னும் பழைய நினைவு உண்டு. ரேகைச் சட்டம் என்று நம் தாத்தாக்கள் சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கைரேகை கொடுக்க மறுத்ததற்காக, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் 16 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அங்குள்ள நினைவுத்தூணின் முன் நான் நின்றிருக்கிறேன். மந்தையில் துப்பாக்கியோடு நடப்பதைப் பார்த்து உங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஏன் அவ்வளவு அரண்டார்கள் என்பது எனக்குப் புரிகிறது.

ஊர்க்கூட்டம் நடத்தினாலே வழக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம். தடையுத்தரவை மீறியதாகவும் சட்டவிரோதமாகக் கூடியதாகவும் பதிவார்கள். தடையுத்தரவு மீறலுக்கு உரிய அரசு ஊழியர் நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டுமே தவிர, போலீஸே எஃப்.ஐ.ஆர். போட்டுக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய முடியாது என்று 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் மதுரைக் கிளை சொன்னது. அமைதியாக எதிர்ப்பைத் தெரிவிப்பவர்களின் கூட்டம் சட்டவிரோதக் கூட்டம் ஆகாது என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் ஒரே ஒரு கல் பறந்தால், ஒரு ஜீப் கண்ணாடி உடைந்தால், வழக்கு கலவரம், அரசு ஊழியரைத் தாக்கியது என்று மாறிவிடும். அப்போது இந்தத் தீர்ப்பு உதவாது. குடித்துவிட்டு வரும் இளைஞர்களையும், யாரென்று தெரியாமல் கூட்டத்தில் நின்று சத்தம் போடுபவர்களையும் அன்றைக்குத் தள்ளி வைக்க, ஊர்த் தலைவர்களான உங்கள் அம்பலகாரர்கள் பொறுப்பேற்க வேண்டும்.

உங்கள் பகுதியிலேயே நடந்ததைப் பாருங்கள். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி 2024 நவம்பர் 7 அன்று ஏலம் போனது. அதன் 2,015 ஹெக்டேருக்குள் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டியின் ஒரு பகுதியும் அடங்கியிருந்தது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் தல்லாகுளம் வரை நடந்து வந்தார்கள். ஆயிரக்கணக்கானோர்மீது வழக்கு பதியப்பட்டது. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. அடுத்த சில நாட்களில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர்மீதான வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக மாநில அரசு அறிவித்தது. அந்த வழக்குகளில் எவரும் தனியாக நின்றிருக்கவில்லை. குவாரிக்கு எதிரான உங்கள் ஊர் மனுவில் எத்தனை கையெழுத்து என்று பார்த்தேன். ஒன்றுதான், உங்கள் அப்பாவுடையது.

அவர் விலகுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இங்கிருந்துதான் பதில் சொல்ல முடியும். ஒருவரை மட்டும் மிரட்டினால் போதும் என்ற நிலையை ஊரே உண்டாக்கியிருக்கிறது. அடுத்த மனுவில் தெருவுக்கு இரண்டு பேராவது, அவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருந்து கையெழுத்துப் போடட்டும். ஆர்.டி.ஓ. விசாரணைக்கு அப்பாவோடு பத்துப் பேர் போய் வெளியே உட்காரட்டும். இரவில் யார் வந்து அழைத்தாலும் பத்து வீடுகளில் விளக்கு எரிய வேண்டும். இவ்வளவையும் செய்ய ஊர் முன்வரவில்லையென்றால், அப்பா கொஞ்ச காலம் ஓய்வெடுக்கட்டும். அதில் அவமானம் ஏதுமில்லை. அம்மாவின் பயத்தைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல வேண்டாம். விடியும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். ஆனால் ஓய்வெடுப்பதும் தொடர்வதும் அப்பாவே பகலில், நல்ல தூக்கத்துக்குப் பிறகு, உங்களோடு பேசி எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். எதை முடிவு செய்தாலும் அந்த இரவைப் பற்றிய புகாரை மட்டும் கைவிடாதீர்கள். போராட்டத்தை விட்டாலும் அடிபட்டதற்கு நியாயம் கேட்கும் உரிமை போய்விடாது.

மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லியிருக்கிறது. காலம் பிடிக்கும். 1992 ஜூனில் வாச்சாத்தியில் வனத்துறையும் போலீஸும் செய்த கொடுமைகளுக்குத் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பரில். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். அந்த மலைக்கிராமத்துப் பெண்கள் பத்தொன்பது ஆண்டுகள் விடாமல் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகக் கூடாது என்று விரும்புகிறேன். ஆகாது என்று வாக்குறுதி தர என்னால் முடியாது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்கியிருக்கிறீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்புகூடக் கிடையாது. தொலைபேசி எண் 15100.

ஆர்.டி.ஓ. விசாரணைக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. அழைப்பாணையின் இரண்டு பக்கங்களையும், பின்னால் ஏதேனும் முத்திரை இருந்தால் அதையும் சேர்த்துப் படமெடுத்து, இந்தப் பகுதியின் முகவரிக்கு அனுப்புங்கள். அது வந்து சேர்ந்ததும், அன்றைக்கு அப்பா கொடுக்க வேண்டிய எழுத்துமூலப் பதிலைத் தயார் செய்து அனுப்புகிறேன். அதற்கு முன், நாளைக் காலையிலேயே, எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.